காமா நிறமாலையில் இரைச்சலைக் குறைப்பது: கேபிளிலிருந்து கணக்கு வரை

காமா நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை காமா கதிர்கள் விழுந்தன என்ற வரைபடம், கரடுமுரடாக வந்துவிட்டால் பலருடைய கை முதலில் போவது மென்பொருளில் இருக்கும் ‘ஸ்மூத்’ (மென்மையாக்கும்) பொத்தானுக்கு. அதைக் கடைசியாகத் தொட வேண்டும்; பெரும்பாலும் தொடவே தேவையிருக்காது. ஏனென்றால் ‘இரைச்சல்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் புழங்குகின்றன.

முதலாவது மின்னணு இரைச்சல். டிடெக்டர், பிரீஆம்ப் (டிடெக்டரை ஒட்டிய முதல் பெருக்கி), கேபிள், மின்வழங்கி ஆகியவற்றிலிருந்து வருவது. இது முகடுகளை, அதாவது ஒரே ஆற்றலுள்ள கதிர்கள் குவியும் மேடுகளை, அகலமாக்கும்; கீழ்ச் சேனல்களை, அதாவது தாழ் ஆற்றலுக்கான கட்டங்களை, குப்பையால் நிரப்பும். இரண்டாவது பின்னணி. இவை உண்மையான கதிர்களின் எண்ணிக்கைதான். நம் மாதிரியிலிருந்து வந்தவை அல்ல, அவ்வளவே. மூன்றாவது எண்ணிக்கையின் இயல்பான ஏற்றத்தாழ்வு. கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நடப்பதால், சராசரியாக 100 விழும் சேனலில் ஒருமுறை 92 விழும், மறுமுறை 111 விழும். அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் பிழை. கருவி எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் இது போகாது.

முதலாவதைக் கிரவுண்டும் (பூமி இணைப்பும்) ஷேப்பிங்கும் (ஆம்ப்ளிஃபையர் துடிப்பை வடிவமைக்கும் விதமும்) சரிசெய்யும். இரண்டாவதை ஈயமும் நைட்ரஜனும் குறைக்கும். மூன்றாவதற்கு நேரம்தான் மருந்து. மாற்றிக் கொடுத்தால் வேலை செய்யாது.

எது என்று முதலில் கண்டுபிடிப்பது

உயர்தூய ஜெர்மானியம் டிடெக்டருக்கு இரண்டு கதிரியக்க மூலங்கள் போதும் (கே.ஈ.வி. என்பது ஆற்றலின் அலகு, ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட்): 122 கே.ஈ.வி.க்குக் கோபால்ட்-57, 1332.5 கே.ஈ.வி.க்குக் கோபால்ட்-60. இரண்டு முகடுகளின் அரையுயர அகலத்தையும் (உயரத்தின் பாதியில் உள்ள அகலம்) கே.ஈ.வி.யில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த அகலத்தின் வர்க்கம், மூன்று பகுதிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது: மின்னூட்டங்கள் உருவாவதில் உள்ள இயல்பான ஏற்றத்தாழ்வு, மின்னணு இரைச்சல், மின்னூட்டம் முழுதும் சேராத குறை. முதல் பகுதியைக் கணக்கிட்டே சொல்லலாம். ஜெர்மானியத்தில் ஓர் இணை மின்னூட்டம் உருவாக 2.96 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. ஃபேனோ காரணியை (இந்த ஏற்றத்தாழ்வு சாதாரண வர்க்கமூலக் கணக்கைவிட எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் எண்) 0.11 என்று வைத்தால் 1332.5 கே.ஈ.வி.யில் இயல்பான அகலம் சுமார் 1.55 கே.ஈ.வி.; 122 கே.ஈ.வி.யில் சுமார் 0.47. மின்னணு இரைச்சல் 0.7 கே.ஈ.வி. உள்ள நல்ல அமைப்பில் 122 முகட்டின் அகலம் 0.84 அளவில் நிற்கும். 1332 முகடு மின்னூட்டச் சேர்ப்பின் குறையையும் சேர்த்து 1.8 அளவில் நிற்கும்.

இப்போது மின்னணு இரைச்சல் மட்டும் 0.7இலிருந்து 1.1 கே.ஈ.வி.க்கு ஏறியது என்று வையுங்கள். 1332 முகடு 1.8இலிருந்து 2.0 ஆகும், பலர் கவனிக்கவே மாட்டார்கள். 122 முகடோ 0.84இலிருந்து 1.2க்குத் தாவிவிடும். ஆகவே தாழ் ஆற்றல் முகடு மட்டும் பெருத்தால் கோளாறு மின்னணுவில். உயர் ஆற்றல் முகடு இடப்பக்கம் வால் விட்டுப் பெருத்து, தாழ்முகடு நன்றாகவே இருந்தால், மின்னூட்டம் சரியாகச் சேரவில்லை: உயர் மின்னழுத்தம் போதவில்லை, அல்லது நியூட்ரான் அடித்துப் படிகம் பழுதாகியிருக்கிறது. இரண்டாவதை அனீலிங் செய்துதான் (படிகத்தைச் சூடாக்கித்தான்) மீட்க முடியும். எந்தக் கேபிளை மாற்றினாலும் பயனில்லை.

பல்சர் (சம உயரத் துடிப்புகளைத் தரும் கருவி) இருந்தால் இன்னும் நேரான வழி: டிடெக்டருக்கு மின்னழுத்தம் கொடுத்த நிலையிலேயே பிரீஆம்பின் டெஸ்ட் உள்ளீட்டில் துடிப்பைக் கொடுங்கள். பல்சர் முகட்டின் அகலம்தான் மின்னணு இரைச்சல். வேலை முடிந்ததும் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். டெஸ்ட் உள்ளீட்டில் தொங்கும் கேபிளே இரைச்சலை உள்ளே கொண்டுவரும் ஆண்டெனாவாகிவிடுவது அடிக்கடி நடப்பது.

மூலம் எதுவும் வைக்காமல் டெட் டைமையும் (ஒரு துடிப்பைக் கையாளும்போது கருவி புதியதை ஏற்காத நேரத்தின் பங்கை) பாருங்கள். அது பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். மூலமே இல்லாதபோது சில சதவீதம் காட்டினால், இரைச்சல் துடிப்புகளே கருவியைத் தூண்டிக்கொண்டிருக்கின்றன.

கிரவுண்டு, கேபிள்

ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் போடுங்கள். பார்க்க வேண்டியது துடிப்பை அல்ல, துடிப்புகளுக்கு இடையே உள்ள அடிக்கோட்டை. ஸ்கோப்பின் டிரிக்கரை ‘லைன்’ என்ற நிலைக்கு மாற்றுங்கள். அடிக்கோட்டின் அலை நகராமல் நின்றால் அது மின்சார விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலைதான். கிரவுண்டு வளையம் (பூமியோடு ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைவதால் உருவாகும் சுற்று) இருக்கிறது. அலை ஓடிக்கொண்டே இருந்து, டைம்பேஸைச் சில மைக்ரோ விநாடிகளுக்குக் குறைத்தால் ஒழுங்கான பல்வரிசையாகத் தெரிந்தால், ஸ்விட்ச்சிங் மின்வழங்கி, கணினித் திரை, எல்.ஈ.டி. விளக்கின் டிரைவர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதை விடச் சிறந்த சோதனை கிடையாது. மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கியதும் அடிக்கோடு அமைதியானால் விடை கிடைத்துவிட்டது.

கிரவுண்டு வளையத்தை உடைக்கச் செய்ய வேண்டியவை இவை. ஆம்ப்ளிஃபையர், உயர் மின்னழுத்த வழங்கி, பன்முகச் சேனல் பகுப்பி (துடிப்புகளை உயரப்படி சேனல்களில் எண்ணும் கருவி), கணினி எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள். டிடெக்டரின் மூடி ஈயக் கவசத்தைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். கவசம் வேறோர் இடத்தில் பூமியோடு இணைந்திருந்தால் அங்கேயே வளையம் உருவாகிவிடும். இடையே ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்தால் தீரும். சிக்னல், உயர் மின்னழுத்தம், பிரீஆம்ப் மின்சாரம் ஆகிய கேபிள்களைச் சேர்த்துக் கட்டி ஒரே வழியாகக் கொண்டுபோங்கள். தனித்தனியே பரவிக் கிடந்தால் அவை சூழும் பரப்பு கூடும். அந்தப் பரப்பு வழியாகப் போகும் காந்தப்புலம் அத்தனையும் மின்னழுத்தமாக மாறும். எஞ்சியதற்குக் கேபிள் கட்டின் மீது ஃபெரைட் வளையம் போடலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வளையத்தை உடைக்கிறேன் என்று மின்செருகியின் பூமி முனையை வெட்டுவது. ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் அமைப்பு அது.

உயர் மின்னழுத்தத்தின் சொந்தக் கோளாறு வேறு மாதிரி தெரியும்: அடிக்கோட்டில் இடைவிட்டு இடைவிட்டு, கொத்துக் கொத்தாக ஊசி முட்கள். இணைப்பியிலோ பிரீஆம்புக்குள் இருக்கும் வடிகட்டியிலோ ஈரம் ஏறி மின்கசிவு நடக்கிறது என்று பொருள். மழைக்காலத்திலும் ஏசி நின்ற அறையிலும் இது அதிகம். மின்னழுத்தத்தைச் சில நூறு வோல்ட் இறக்கினால் முட்கள் மறைகின்றனவா என்று பாருங்கள். மறைந்தால், மின்னழுத்தத்தை முழுதாக இறக்கி, தேங்கிய மின்னூட்டம் வடியச் சில நிமிடம் காத்திருந்து, இணைப்பிகளைக் கழற்றி ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள்.

ஷேப்பிங் நேரமும் போல்-சீரோவும்

மின்னணு இரைச்சலுக்குள்ளேயும் இரண்டு எதிரெதிர்க் குணங்கள் உண்டு. முதல் நிலை டிரான்சிஸ்டரின் வெப்ப இரைச்சல் ஷேப்பிங் நேரம் கூடக்கூடக் குறையும். டிடெக்டரின் மின்தேக்கு அளவோடு அது ஏறும். டிடெக்டரின் கசிவு மின்னோட்டத்தால் வரும் இரைச்சல் ஷேப்பிங் நேரம் கூடக்கூட ஏறும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மிகக் குறைந்த அகலம் கிடைக்கும். ஜெர்மானியத்துக்கு அது வழக்கமாக 6 மைக்ரோ விநாடிக்கு அருகில் இருக்கும். சோடியம் அயோடைடுக்கு (கதிர் பட்டால் ஒளிரும் படிகம்) 0.5 முதல் 1 மைக்ரோ விநாடி போதும். ஆனால் புத்தக எண்ணை நம்பி விட்டுவிடாமல் 1, 2, 3, 6, 10 என்று மாற்றி ஒவ்வொன்றிலும் 122 முகட்டின் அகலத்தை அளந்து வரைபடம் போடுங்கள். அரைமணி நேர வேலை, டிடெக்டரின் மருத்துவ அறிக்கை மாதிரி அது பயன்படும். சில மாதம் கழித்து அதே வரைபடத்தை மீண்டும் போடும்போது தாழ்புள்ளி குறுகிய நேரத்தின் பக்கம் நகர்ந்திருந்தால் கசிவு மின்னோட்டம் ஏறியிருக்கிறது: வெற்றிடம் கெடுகிறது, அல்லது படிகம் போதிய அளவு குளிரவில்லை. நீண்ட நேரத்தின் பக்கம் நகர்ந்திருந்தால் டிரான்சிஸ்டரையும், படிகம் முழுதாக டிப்ளீட் ஆகிறதா (மின்னழுத்தத்தால் முழுப் படிகமும் கதிரை உணரும் பகுதியாகிறதா) என்பதையும் பாருங்கள்.

டிஜிட்டல் பகுப்பியில் ‘ரைஸ் டைம்’ என்ற எண், பழைய ஷேப்பிங் நேரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 6க்கு ஈடு 12 மைக்ரோ விநாடி. ‘ஃபிளாட் டாப்’ (துடிப்பின் தட்டையான உச்சி) 0.8 முதல் 1.2 மைக்ரோ விநாடி வரை வையுங்கள். பெரிய படிகத்தில் மின்னூட்டம் சேர நேரமாகும். ஃபிளாட் டாப் அதைவிடக் குறைந்தால் உயர் ஆற்றல் முகடுகளுக்கு இடப்பக்க வால் முளைக்கும். அதை இரைச்சல் என்று தவறாக எண்ணி ரைஸ் டைமைக் கூட்டிக்கொண்டே போவது வீண்.

போல்-சீரோ திருகு (துடிப்பின் பின்பகுதியைச் சரிசெய்வது) சரியாக இல்லாவிட்டால் துடிப்பு அடிக்கோட்டுக்குத் திரும்பும்போது அதற்குக் கீழே இறங்கும், அல்லது மேலே நெடுநேரம் தொங்கும். கீழே இறங்கினால், அடுத்த துடிப்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து சிறியதாக அளக்கப்படும். முகட்டின் இடப்பக்கம் வால் விடும். மேலே தொங்கினால் வலப்பக்கம். ஸ்கோப்பில் 50 அல்லது 100 மில்லிவோல்ட் அளவில் பெரிதாக்கிப் பார்த்து, துடிப்பின் பின்பகுதி நேராக அடிக்கோட்டில் வந்து படியும்வரை திருப்புங்கள். ஷேப்பிங் நேரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இதை மறப்பதுதான் எண்ணும் வீதம் கூடும்போது மட்டும் முகடு கெட்டுப்போவதற்கு முதல் காரணம்.

அதிர்வு

திரவ நைட்ரஜன் குடுவைக்குள் பனிக்கட்டித் துகள்கள் சேர்ந்தால் கொதிப்பு பொங்கும்; அந்த அதிர்வு படிகத்தின் தாங்கி வழியாக மின்தேக்கை ஆட்டி, தாழ் அதிர்வெண் இரைச்சலாக வெளிவரும். மின்குளிர்விப்பான் உள்ள டிடெக்டரில் இது எப்போதுமே ஓரளவு இருக்கும். அடையாளம்: அடிக்கோடு மெதுவாக ஏறி இறங்கும், குடுவையை விரலால் தட்டினால் பெரிதாக எகிறும். ஷேப்பிங் நேரத்தை ஒரு படி குறைப்பது உடனடித் தீர்வு. குடுவையின் அடியில் ரப்பர் மெத்தை, தரையிலிருந்து வரும் அதிர்வுக்கு. பனி சேர்ந்திருந்தால் குடுவையை முழுதாகக் காலி செய்து உலர்த்துவதைத் தவிர வழியில்லை. அப்படிச் செய்யும்போது டிடெக்டரை அறை வெப்பநிலைக்கு முழுதாக வரவிட்ட பிறகே மறுபடி குளிர்விக்க வேண்டும். பாதியில் குளிர்வித்தால் உள்ளே வெளிப்பட்ட வாயுக்கள் படிகத்தின் மேற்பரப்பிலேயே படிந்து கசிவு மின்னோட்டத்தை ஏற்றிவிடும்.

சோடியம் அயோடைடு வைத்திருப்பவர்களுக்கு

662 கே.ஈ.வி.யில் 7 சதவீதம், அதாவது சுமார் 46 கே.ஈ.வி. அகலம் என்பது இந்தப் படிகத்தின் இயல்பு. மின்னணு இரைச்சல் இதில் கண்ணுக்கே தெரியாது. இங்கே பகை வெப்பநிலையும் மின்னழுத்தமும். ஒளிப்பெருக்கிக் குழாயின் (படிகத்தின் ஒளியை மின்துடிப்பாக்குவது) மின்னழுத்தம் 1 சதவீதம் நகர்ந்தால் பெருக்கம் 5 முதல் 8 சதவீதம் வரை நகரும். இரவு முழுதும் எண்ணும்போது அறை வெப்பநிலை மாறினால் முகடு தேய்த்த மாதிரி அகலமாகும். கருவியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்தே எண்ணத் தொடங்குங்கள், டிடெக்டரைச் சுற்றி வெப்பக்காப்பு வையுங்கள், பொட்டாசியம்-40இன் 1460.8 கே.ஈ.வி. முகட்டைக் காவலாக வைத்து நகர்வைத் திருத்துங்கள்.

கீழ்ச் சேனல்களில் குவியும் குப்பை பெரும்பாலும் குழாயின் இருள் துடிப்புகள் (ஒளி இல்லாமலே எழுபவை). அறை விளக்கை அணைத்தால் அது குறைந்தால் எங்கோ ஒளி கசிகிறது. கறுப்பு நாடாவைச் சுற்றிப் பாருங்கள். தீர்திறன் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டே போனால் படிகத்துக்குள் ஈரம் புகுந்துவிட்டது. அதற்கு மாற்று மருந்து இல்லை.

இன்னொன்று: 8192 சேனலில் எடுத்த சோடியம் அயோடைடு நிறமாலை எப்போதும் ‘இரைச்சலாக’த்தான் தெரியும், ஏனென்றால் ஒரே எண்ணிக்கை தேவையில்லாமல் பல சேனல்களில் சிதறிக் கிடக்கிறது. 1024 சேனலாகச் சேர்த்துப் பாருங்கள். முகட்டின் அகலத்துக்குள் ஆறேழு சேனல் இருந்தாலே போதும். அப்படிச் சேர்ப்பதால் தகவல் எதுவும் இழப்பதில்லை. ஜெர்மானியத்தில் இது தலைகீழ்: 3 எம்.ஈ.வி. (3000 கே.ஈ.வி.) வரை அளக்க 8192 சேனல் வைத்தால் சேனலுக்கு 0.37 கே.ஈ.வி., 1332 முகட்டுக்கு ஐந்து சேனல். அதற்குக் கீழே போகக் கூடாது.

பின்னணியை வெளியே நிறுத்துவது

10 சென்டிமீட்டர் ஈயம் என்பது வழக்கமான அளவு. 15ஐத் தாண்டினால் பெரிய பயனில்லை. காஸ்மிக் மியூயான்கள் ஈயத்திலேயே மோதி உண்டாக்கும் இரண்டாம் நிலைத் துகள்கள் பின்னணியை மறுபடி ஏற்றத் தொடங்கும். ஈயத்தின் தரம் தடிமனைவிட முக்கியம். புதிய ஈயத்தில் ஈயம்-210 இருக்கும். அரைவாழ்வு சுமார் 22 ஆண்டுகள். அதன் மகள் (அது சிதைந்து உருவாகும் அணு) பிஸ்மத்-210 வெளியிடும் 1.16 எம்.ஈ.வி. வரையிலான பீட்டாக்கள் ஈயத்திலேயே வேகம் குறைந்து, சில நூறு கே.ஈ.வி.க்குக் கீழே ஒரு தொடர் மேட்டை எழுப்பும். பழைய ஈயத்துக்கு மதிப்பு அதனால்தான்.

ஈயத்தின் உட்புறம் 72 முதல் 88 கே.ஈ.வி. வரை எக்ஸ் கதிர் முகடுகளைத் தரும். அதை விழுங்க 1 மில்லிமீட்டர் காட்மியம் அல்லது வெள்ளீயம், அது தரும் 23–25 கே.ஈ.வி. எக்ஸ் கதிரை விழுங்க அதன் உள்ளே 1.5 மில்லிமீட்டர் செம்பு. இந்த வரிசை மாறக் கூடாது. படிகத்துக்கு அருகில் செம்பு.

கவசத்துக்குள் இருக்கும் காற்றின் ரேடான் (கதிரியக்க வாயு) அடுத்தது. பின்னணியில் 295.2, 351.9, 609.3, 1120.3, 1764.5 கே.ஈ.வி. முகடுகள் நாளுக்கு நாள் ஏறி இறங்கினால் அது ரேடான்தான். திரவ நைட்ரஜன் குடுவையிலிருந்து ஆவியாகி வரும் வாயுவை ஒரு குழாயால் கவசத்துக்குள் விடுங்கள். செலவில்லாத வழி, இதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமே இல்லை. ஆனால் கதவை மூடியவுடன் எண்ணத் தொடங்காதீர்கள். ரேடானை வாயு வெளியே தள்ளினாலும், அதன் மகள்கள் ஈயம்-214 (27 நிமிடம்), பிஸ்மத்-214 (20 நிமிடம்) உள்ளே படிந்திருக்கும். அவை தணிய மூன்று மணி நேரம் விடுங்கள்.

பின்னணியில் 596, 691 கே.ஈ.வி. இடங்களில் வலப்பக்கம் சாய்ந்து இறங்கும் முக்கோண வடிவங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காஸ்மிக் நியூட்ரான்கள் ஜெர்மானியக் கருக்களை அடிப்பதன் தடயம் அவை. 2614.5 கே.ஈ.வி. தோரியம் தொடரின் தாலியம்-208. காங்கிரீட் சுவரிலிருந்தும் வரும், மாதிரியிலிருந்தும் வரும். சோடியம் அயோடைடு டிடெக்டரில் ஒளிப்பெருக்கிக் குழாயின் கண்ணாடியிலேயே பொட்டாசியம் இருப்பதால் 1460.8 முகட்டில் ஒரு பங்கை எந்தக் கவசமும் நீக்காது.

பின்னணியை அளக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய மரினெல்லி கலனில் (டிடெக்டரைச் சூழ்ந்து உட்காரும் கலன்) ஒரு லிட்டர் மாதிரி இருந்தால், அந்த மாதிரியே சுற்றுப்புறக் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும். வெறும் கவசத்தில் எடுத்த பின்னணியைக் கழித்தால் அதிகமாகக் கழிந்துவிடும். அதே கலனில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி எடுங்கள்.

நேரத்தைப் பங்கிடுவது

எண்ணும் நேரத்தை நான்கு மடங்காக்கினால் சார்புப் பிழை பாதியாகும். அதாவது 10 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறங்க நூறு மடங்கு நேரம் வேண்டும். அதற்கு முன் மாதிரியை டிடெக்டருக்கு நெருக்கமாக வைக்க முடியுமா, மாதிரியின் அளவைக் கூட்ட முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

மாதிரிக்கும் பின்னணிக்கும் நேரத்தைப் பங்கிட விதி: இரு நேரங்களின் விகிதம், இரு எண்ணும் வீதங்களின் விகிதத்தினுடைய வர்க்கமூலம். மாதிரியோடு விநாடிக்கு 0.5, பின்னணி மட்டும் 0.125 என்றால் வீதங்களின் விகிதம் 4, வர்க்கமூலம் 2. 24 மணி நேரம் இருந்தால் 16 மாதிரிக்கு, 8 பின்னணிக்கு. மாதிரி மிகப் பலவீனமாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். பத்து நிமிடப் பின்னணியை இருபது மணி நேர மாதிரியிலிருந்து கழிப்பவர்கள், பின்னணியின் இரைச்சலை நூற்று இருபது மடங்கு பெருக்கி உள்ளே ஊற்றுகிறார்கள்.

நீண்ட அளவீட்டை ஒரே கோப்பாக எடுக்காதீர்கள். மணிக்கு ஒரு கோப்பாகச் சேமியுங்கள். நைட்ரஜன் நிரப்பிய மணி, ரேடான் ஏறிய மணி, பெருக்கம் நகர்ந்த மணி ஆகியவற்றைப் பிறகு தனியே நீக்கலாம். ஒரே கோப்பாக இருந்தால் கெட்ட ஒரு மணிக்காக இருபத்து நான்கையும் எறிய வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு கோப்பிலும் 609.3, 1460.8 முகடுகளின் மையத்தைப் பார்த்து, நகர்ந்திருந்தால் நேர்செய்யுங்கள். இங்கே ஒரு பொறி: சேனலின் எண்ணிக்கையைப் பின்னமாகப் பிரித்து அடுத்த சேனலுக்குக் கொடுத்தால், பாய்சான் விதி (எண்ணிக்கையின் வர்க்கமூலமே பிழை என்பதன் அடிப்படை) உடைந்துவிடும், பிறகு வரும் பிழைக் கணக்கு பொய்யாகும். அதற்குப் பதிலாக, ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் அதன் சேனலுக்குள் ஒரு தற்செயல் இடத்தைக் கொடுத்து, புதிய அளவுத்திருத்தத்தின்படி மறுபடி சேனலில் போடுங்கள். எண்ணிக்கைகள் முழு எண்களாகவே இருக்கும்.

முகட்டின் பரப்பும் அதன் பிழையும்

மென்பொருளைத் திறந்தபின் அதிகம் ஆதாயம் தரும் இடம் இது. அதிகம் தவறு நடக்கும் இடமும் இதுவே. முகட்டுப் பகுதியின் அகலம் ‘அ’ சேனல். இரு ஓரங்களிலும் பின்னணிக்காக எடுத்த மொத்தச் சேனல்கள் ‘ஆ’. அப்போது

நிகரம் = மொத்தம் − (அ ÷ ஆ) × ஓரங்களின் கூட்டுத்தொகை
பிழை = √[மொத்தம் + (அ ÷ ஆ)² × ஓரங்களின் கூட்டுத்தொகை]

ஓர் உதாரணம். முகட்டுப் பகுதி 12 சேனல், மொத்தம் 5200. ஓரங்களில் நான்கு நான்காக 8 சேனல், கூட்டுத்தொகை 2400. நிகரம் 5200 − 1.5 × 2400 = 1600. பிழை √(5200 + 2.25 × 2400) = √10600, அதாவது 103; 6.4 சதவீதம். இப்போது ஓரங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 சேனலாக்கினால், கூட்டுத்தொகை 7200, நிகரம் அதே 1600. பிழை √(5200 + 0.25 × 7200) = √7000, அதாவது 84; 5.2 சதவீதம். ஒரு விநாடிகூட அதிகம் எண்ணாமல் கிடைத்த லாபம் இது. அந்த இருபத்து நான்கு சேனலில் வேறு முகடு ஒளிந்திருக்கக் கூடாது, பின்னணி நேர்கோடாக இருக்க வேண்டும் என்பவை மட்டுமே நிபந்தனை. √1600 = 40 என்று பிழை எழுதுவதைப் பார்த்தால், பின்னணியின் பிழையை மறந்துவிட்டார்கள் என்று அறிக.

முகடு இருக்கிறதா இல்லையா என்ற நிலையில், மாதிரியும் பின்னணியும் சம நேரம், சம சேனல் எண்ணப்பட்டிருந்தால், லாயிட் கரி (Currie) என்ற ஆய்வாளர் 1968இல் தந்த சூத்திரப்படி கண்டறியும் எல்லை 2.71 + 4.65 × √பின்னணி. பின்னணி 3600 என்றால் 282 எண்ணிக்கை. பின்னணியை நான்கில் ஒன்றாக்கினால்தான் இந்த எல்லை பாதியாகும். கவசத்துக்குச் செய்யும் செலவை இந்த எண்ணோடு வைத்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பின்னணி நிறமாலையைச் சேனல் சேனலாகக் கழிப்பதைத் தவிர்த்து, முகடு முகடாகக் கழியுங்கள். இரண்டு நிறமாலைக்கும் இடையே அரைச் சேனல் நகர்வு இருந்தாலும், சேனல்வாரிக் கழித்தல் ஒவ்வொரு முகட்டின் இடத்திலும் ஒரு மேட்டையும் பள்ளத்தையும் உண்டாக்கும். கழித்தபின் வரும் எதிர்மறை எண்களைப் பூச்சியமாக்கவும் கூடாது: கீழே போனவற்றை மட்டும் தூக்கிவிட்டால் சராசரி மேலே ஏறி, இல்லாத கதிரியக்கம் இருப்பதாகத் தெரியும்.

வளைகோடு பொருத்தும்போது சேனலுக்கு இருபது எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் கை-ஸ்கொயர் முறையை (பிழைக்கேற்ப எடை கொடுத்து வித்தியாசங்களின் வர்க்கங்களைக் குறைப்பது) கைவிட்டுப் பாய்சான் லைக்லிஹுட் முறைக்கு (கிடைத்த எண்ணிக்கைகள் வரும் வாய்ப்பை அதிகமாக்கும் வளைகோட்டைத் தேடுவது) மாறுங்கள். தற்செயலாகத் தாழ்ந்த சேனலுக்குச் சிறிய பிழை, ஆகவே பெரிய எடை. அதனால் கை-ஸ்கொயர் பொருத்தம் பரப்பை எப்போதும் குறைத்தே சொல்லும்.

தொடர் பின்னணியும் மென்மையாக்கலும்

காம்ப்டன் மேட்டை (ஆற்றலின் ஒரு பகுதியை மட்டும் படிகத்தில் விட்டுச் சென்ற கதிர்களின் தொடர் பின்னணி) நீக்க ‘ஸ்னிப்’ என்ற முறை எளியது, நம்பகமானது. எண்ணிக்கைக்கு 1 கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதற்கு மறுபடி 1 கூட்டி மடக்கை, அதற்கும் 1 கூட்டி மடக்கை என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சேனலின் மதிப்பையும், இரு பக்கமும் அதே தூரத்திலுள்ள சேனல்களின் சராசரியோடு ஒப்பிட்டுச் சிறியதை வையுங்கள். தூரத்தை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போய், முகட்டின் அடி அகலத்தில் பாதியில் நிறுத்துங்கள். அரையுயர அகலம் 6 சேனல் என்றால் அடி அகலம் சுமார் 15; ஆகவே 7 அல்லது 8இல் நிறுத்தலாம். சீக்கிரம் நிறுத்தினால் பின்னணி முகட்டுக்குள் ஏறி அதன் பரப்பைத் தின்னும். தாமதித்தால் காம்ப்டன் விளிம்பு (அந்த மேடு சட்டென்று முடியும் இடம்) போன்ற உண்மையான வளைவுகளும் வெட்டுப்பட்டு, முகடு போல மேலே நிற்கும். சீசியம்-137க்கு 477 கே.ஈ.வி.யில் இதைச் சோதிக்கலாம்.

மென்மையாக்கியே ஆக வேண்டுமானால் நகரும் சராசரியை விட்டுவிட்டு 1964இல் வந்த சாவிட்ஸ்கி-கோலே முறையைப் பயன்படுத்துங்கள். ஐந்து சேனலுக்குக் குணகங்கள் −3, 12, 17, 12, −3. கூட்டி 35ஆல் வகுக்கவும். ஏற்றத்தாழ்வு 0.70 மடங்காகும். ஏழு சேனலுக்கு −2, 3, 6, 7, 6, 3, −2, வகுப்பது 21ஆல், ஏற்றத்தாழ்வு 0.58 மடங்கு. சாளரத்தின் அகலம் முகட்டின் அரையுயர அகலத்தைத் தாண்டக் கூடாது. ஆறு சேனல் முகட்டின் மேல் இருபத்தொரு சேனல் சாளரத்தை ஓட்டினால் முகடு தாழும், இருபுறமும் பள்ளம் விழும். முகட்டின் அகலம் ஆற்றலோடு கூடுவதால், தாழ் ஆற்றலில் ஐந்தும் உயர் ஆற்றலில் ஏழு அல்லது ஒன்பதும் என்று மாற்றிக்கொள்வது நல்லது.

மென்மையாக்கிய நிறமாலை முகடு தேடவும் படம் வரையவும் மட்டுமே. பரப்பையும் பிழையையும் மூல எண்ணிக்கையிலிருந்தே எடுங்கள். மென்மையாக்கியதும் அடுத்தடுத்த சேனல்கள் ஒன்றையொன்று சார்ந்துவிடுகின்றன. ஆனால் பொருத்தும் நிரல் அவற்றைத் தனித்தனி என்று எண்ணி, பிழையை மிகக் குறைத்துக் காட்டும். முகட்டில் விழுந்த மொத்த எண்ணிக்கை கூடவில்லை. ஆகவே துல்லியமும் கூடவில்லை.

வேவ்லெட் முறையும் (நிறமாலையைச் சிற்றலைகளாகப் பிரித்து வடிகட்டுவது) நரம்பியல் வலைகளும் படத்தில் அழகாகத் தெரியும். அவற்றைப் பயன்படுத்துவதானால் வேவ்லெட்டுக்கு முன் 2√(எண்ணிக்கை + 0.375) என்ற அன்ஸ்கோம் மாற்றம் தேவை, அதன்பின் ஏற்றத்தாழ்வு எல்லாச் சேனலிலும் ஏறத்தாழ 1 ஆகிவிடுவதால் ஒரே வாசல் மதிப்பு எங்கும் செல்லும். மிகக் குறைந்த எண்ணிக்கையில், சேனலுக்கு நான்குக்குக் கீழே, இந்த மாற்றமும் கைகொடுக்காது. எந்த முறையானாலும் நம்புவதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். உங்கள் சொந்தப் பின்னணி நிறமாலையில், பரப்பு தெரிந்த ஒரு செயற்கை முகட்டைக் கண்டறியும் எல்லைக்குச் சற்று மேலே பாய்சான் எண்களாகச் சேர்த்து, நூறு முறை புதிது புதிதாக உருவாக்கி, அந்த முறையில் ஓட்டுங்கள். திரும்பக் கிடைக்கும் பரப்பின் சராசரி நீங்கள் போட்டதோடு ஒத்துப்போக வேண்டும். சிதறல் அது சொல்லும் பிழையோடு ஒத்துப்போக வேண்டும். முகடே சேர்க்காத நூறு நிறமாலைகளையும் ஓட்டி, எத்தனையில் முகடு ‘கண்டுபிடிக்க’ப்படுகிறது என்று எண்ணுங்கள். கரியின் சூத்திரம் ஏற்கும் அளவு 5 சதவீதம், அதாவது நூற்றுக்கு ஐந்து. அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக வந்தால் அந்த முறை உங்கள் தரவுக்கு ஆகாது.